அச்சொட்டா இருந்தால் மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்தில் யாராவது படம் கீறிக் காட்டினால் கிடைக்கிற முதல் பாராட்டு "அச்சொட்டா இருக்கு", அதாவது அசல் மாதிரியே இருக்கு, என்பதுதான். நல்லூர்க் கோபுரம் அச்சொட்டாக வர வேண்டும், நடிகரின் முகம் அச்சொட்டாக வர வேண்டும், செத்துப்போன தாத்தாகூட நினைவஞ்சலிப் பதாகையில் அச்சொட்டாக வர வேண்டும். அண்மையில் ஒரு நண்பர் "உங்களுக்குப் பிடித்த ஓவியர் யார்?" என்று கேட்டிருந்தார். வந்த பதில்களில் பாதி ரவிவர்மா, மிச்சத்தில் பாதி டாவின்சி. இரண்டு பேரிலும் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் ரவிவர்மாவின் சரஸ்வதியைப் பார்த்து, "நானும் கீறிப் பார்ப்பம்" என்று பென்சிலைத் தேடியவர் எங்களில் எத்தனை பேர்? கும்பிடத்தான் தோன்றும். எனக்குப் பிடித்த ஓவியர்கள் வேறு மாதிரி ஆட்கள். அவர்களுடைய படத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

எங்கள் தலைமுறைக்கும் அதற்கு முந்திய தலைமுறைக்கும் ஓவியம் பழக்கியது காட்சிக்கூடம் இல்லை, சஞ்சிகைத் தாள். இந்தியாவில் இருந்து வந்த கல்கி, விகடன் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கழற்றி, பைண்ட் பண்ணி அலுமாரியில் வைத்திருந்த வீடுகள் இங்கே நிறைய. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தபோது படம் போட்டவர் மணியம். வந்தியத்தேவனும் குந்தவையும் எப்படி இருப்பார்கள் என்று இன்றைக்கும் பலரின் மனதில் இருப்பது அவர் கொடுத்த முகம்தான்.

ஆனால் என்னைக் கேட்டால், மணியத்தைவிட ஒரு படி மேலே கோபுலுவை வைப்பேன். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜியும் பத்மினியும் 1968 இல் திரையில் வருவதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே, சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் மோகனாம்பாளுக்கும் விகடனில் முகம் கொடுத்தவர் அவர். கோபுலுவின் கூட்டக் காட்சி ஒன்றை எடுத்து ஆறுதலாகப் பாருங்கள். மூலையில் நிற்கிற, கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஆளுக்கும் ஒரு வேலை கொடுத்திருப்பார். ஒருவர் வெற்றிலை போடுவார், ஒருவர் பக்கத்து ஆளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். எல்லாம் நாலைந்து கோட்டுக்குள். வயது போன காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது இடது கையால் கீறப் பழகிய மனிதர் அவர். அதை நான் வீரக்கதையாகச் சொல்லவில்லை. கோடு கையில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கோயில்களைக் கீறிய ஓவியர் சில்பியை ரசிக்கலாம், பின்பற்ற ஏலாது. கோயிலுக்குள்ளே போய் உட்கார்ந்து, கல்லில் வெளிச்சம் விழுகிற இடத்தையும் விழாத இடத்தையும் பேனை மையால் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு தவம் வேண்டும். ஆதிமூலம் நேரெதிர்: 1969 இல் காந்தி நூற்றாண்டுக்கு அவர் கீறிய காந்திகளில், சிலதில் மூக்கும் கண்ணாடியும் மட்டும்தான் காந்தி, மிச்சம் எல்லாம் கோட்டின் ஓட்டம். சரி, தமிழ்நாட்டை இதோடு விடுகிறேன். அவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

1970களில் இலங்கையில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வாசகர்களுக்கு அது எரிச்சலாக இருந்திருக்கும். எங்கள் ஓவியர்களுக்கு அது கதவு திறந்த மாதிரி. உள்ளூரில் புத்தகமும் சஞ்சிகையும் பெருகின, அட்டைக்கும் கதைக்கும் படம் கீற ஆள் தேவைப்பட்டது.

எங்கள் ஓவியர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் 'சிரித்திரன்' சுந்தர், சி. சிவஞானசுந்தரம். 1924 இல் பிறந்த கரவெட்டிக்காரர். பம்பாய்க்குக் கட்டடக் கலை படிக்கப் போனவர் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பி வந்தார். (அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் காலத்துத் தகப்பனுக்கும் அப்படித்தான் இருக்கும்.) 1960களில் கொழும்பில் சிரித்திரன் சஞ்சிகையைத் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து, ஒற்றை ஆளாக இழுத்தார். 'செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்' என்பது சஞ்சிகையின் வாசகம். அவருடைய கேலிச்சித்திரங்களில் வருகிற சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் எங்கள் சந்தியில் நின்று கதைக்கிற ஆட்கள். மிஸ்ஸிஸ் டாமோடிரன் இன்றைக்கும் கலியாண வீடுகளில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார், பிள்ளைக்குத் தமிழ் வராது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு.

சுந்தரின் படத்தில் அழகு கிடையாது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அழகு எதற்கு? பகிடிக்குத் தேவையான அளவு கோடு போட்டு, அந்த இடத்தில் பேனையைத் தூக்கிவிடுகிற துணிச்சல் இருக்கிறதே, அதற்குத்தான் பயிற்சி வேண்டும். சின்ன வயதில் ரூல் கொப்பியின் பின்பக்கத்தில் நாங்கள் எல்லாம் சவாரித்தம்பரைக் கீறியிருக்கிறோம். எங்கள் தம்பர் அவர் கீறின தம்பரைப் போல வந்ததே இல்லை. அவரவர் வீட்டுப் பெரியப்பா மாதிரி வந்தார். ஒரு ஓவியர் செய்யக்கூடிய பெரிய உபகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து மாற்கு மாஸ்டர். 1933 இல் குருநகரில் பிறந்த அ. மாற்கு, கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் டேவிட் பெயின்ரரிடம் படித்தவர். 1930களில் எஸ்.ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கியதில் இருந்து யாழ்ப்பாணத்தில் ஓவியத்துக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அந்தத் தொடர்ச்சியை நவீனத்தின் பக்கம் திருப்பியவர்களில் மாற்குதான் முதன்மையானவர். உருவத்தைக் கோணங்களாக உடைப்பார், அடுத்த படத்தில் அதையும் விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவார். ஒரு பாணி பிடிபட்டுவிட்டது, இனி இதையே விற்றுக்கொண்டிருப்போம் என்று உட்காராத மனுசன். வீடு தேடி வந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் படிப்பித்தார். அவரிடம் படித்தவர்கள் இன்று ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு விதமாகக் கீறுகிறார்கள். ஒருவர்கூட மாற்குவின் நகல் இல்லை.

அவர் 2000 இல் மறைந்தார். போரும் இடப்பெயர்வும் தின்றது போக அவருடைய ஓவியங்களில் எஞ்சியவை கொஞ்சம்தான். என் வயதுக்காரருக்கு மாற்கு என்றால் பெரும்பாலும் 1987 இல் வந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற புத்தகத்தின் படங்கள்தான். நிறத்தை நம்பி வாழ்ந்த ஒரு ஓவியரை அச்சுத் தாளில் அறிந்துகொள்வது எங்கள் தலையெழுத்து. அப்படிப் பார்த்தும் மனதைப் பிடிக்கிறார் என்றால், மூலத்தின் முன்னால் நின்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அச்சொட்டுக்கு நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அச்சுவேலி ஆசை இராசையா மாஸ்டரின் உருவப்படங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 1946 இல் பிறந்து 2020 இல் மறைந்த அவர், இலங்கையின் தபால் முத்திரைகளுக்கும் படம் வரைந்தவர். முகம் அப்படியே இருக்கும், ஆனால் புகைப்படத்தில் இல்லாத ஏதோ ஒன்று கண்ணுக்குக் கீழே இருக்கும். அது எப்படி வருகிறது என்று எனக்கு விளங்கியதில்லை.

இப்போது சனாதனன். தா. சனாதனனின் பெயரைச் சொன்னால் "அது எங்களுக்கு விளங்காத மொடர்ன் ஆர்ட்" என்று தள்ளி வைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் 2011 இல் வந்த அவருடைய 'முழுமையடையாத தோம்பு' (The Incomplete Thombu) என்ற புத்தகத்தைக் காட்டுவேன். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. சனாதனன் என்ன செய்தார் என்றால், இடம்பெயர்ந்த ஆட்களிடம் போய், விட்டுவிட்டு வந்த வீட்டை நினைவில் இருந்து கீறித் தரச் சொன்னார். அவர்கள் கீறிய நிலப்படம், அதை வைத்துக் கட்டடக் கலைஞர் போட்ட துப்புரவான வரைபடம், பிறகு அந்த வீட்டைப் பற்றி அவர்கள் சொன்ன கதைக்குச் சனாதனன் கீறிய ஓவியம். ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி மூன்று. கந்தோர்க் கோப்பு மாதிரி இருக்கிற ஒரு புத்தகத்துக்குள் இத்தனை வீடுகள்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி வீட்டில் கதைத்துக்கொண்டிருந்தபோது, 1990 இல் போரால் மயிலிட்டியை விட்டு வந்த அம்மம்மா, "எனக்குக் கீறத் தெரியாது" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, பிறகு தங்கச்சியின் கொப்பியில் ஒரு ஒற்றை கேட்டார். முதலில் கீறியது வீடு இல்லை, கிணறு. பிறகு கிணற்றடிக் கமுகு, துலா நின்ற இடம், குசினி. குசினி தாளில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டது. மிச்ச இடத்தில்தான் வீடு. விறாந்தைக்கு இடம் போதாமல் தாளின் ஓரத்தில் வளைத்துக்கொண்டு போனார். "அளவு பிழை" என்றான் தம்பி. "எங்கட வீடு அப்படித்தான்" என்றார் அம்மம்மா. சனாதனன் அவரைச் சந்திக்கவில்லை, அவர் சனாதனனின் ஓவியம் எதையும் பார்த்ததும் இல்லை. ஓவியத்தால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்த ஒற்றைதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சித்திரப் பாடத்தைச் சொல்லாமல் விட ஏலாது. நான் படித்த இடத்தில் சந்தைக் காட்சி, தேர்த் திருவிழா, பொங்கல் என்று தலைப்புகளை முன்கூட்டியே பாடமாக்கிக் கொடுத்துவிடுவார்கள். இடது மூலையில் மரம், நடுவில் மூன்று பெண்கள், வலது பக்கம் தராசோடு வியாபாரி. வகுப்பு முழுக்க ஒரே சந்தை. அந்தச் சந்தையில் மீன்காரி கிடையாது, சைக்கிள் கிடையாது, நாய் கிடையாது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையை ஒரு காலை நேரம் போய்ப் பார்த்துவிட்டுக் கீறு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மருமகளின் கொப்பியைப் பார்த்தேன். அதே மரம், அதே மூன்று பெண்கள், அதே தராசு. வியாபாரிக்கு மட்டும் இன்னும் வயது போகவில்லை.

அப்புறம் இந்த ஏஐ படங்கள். கோயில் திருவிழா நோட்டீஸில் முருகனுக்கு உடற்பயிற்சிக்கூட உடம்பு. கவிதைத் தொகுப்பின் அட்டையில், இந்த மண்ணில் யாரும் கட்டாத விதமாகச் சேலை கட்டிய பெண், கைக்கு ஆறு விரல். மலிவு, உடனே கிடைக்கும், சரிதான். ஆனால் கையில் பணம் இல்லாத காலத்திலும், கொப்பி ஒற்றையில் பத்திரிகை அச்சடித்த பொருளாதாரத் தடைக் காலத்திலும், இந்த ஊர் தன் புத்தகங்களுக்கு ஆளை வைத்துத்தான் அட்டை கீறியது. ஓவியர் ரமணியின் கோடு இல்லாத அந்தக் கால ஈழத்துப் புத்தக அலுமாரியை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் புத்தகத்தை எழுதியவரின் பெயர் எங்களுக்குத் தெரியும், அட்டையைக் கீறியவரின் பெயரை உள்ளே சின்ன எழுத்தில் தேட வேண்டும்.

சிரித்திரன் இதழ்கள் பலவற்றை நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ரவிவர்மாவை விரும்புகிறவர்கள் தாராளமாக விரும்புங்கள், சண்டைக்கு வராதீர்கள். உங்கள் வீட்டில், சொந்தக்காரர் வீட்டில், வெளிநாட்டுக்குக் கொண்டுபோன பெட்டியில் எங்காவது மாற்குவின் ஓவியம் ஒன்று இருந்தால், நிறத்தோடு படம் எடுத்துக் கீழே பின்னூட்டத்தில் போடுங்கள். ரமணியின் அட்டை உள்ள புத்தகம் இருந்தால் முன்பக்கத்தோடு நிறுத்தாமல், அவருடைய பெயர் அச்சிட்ட பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.