க்ராப்ஸி கதையில் காணாமல் போன அப்பா

நியூயார்க் மாநிலத்துக் கோடை முகாம்களில் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்காரவைத்துப் பிள்ளைகளை நடுங்கவைத்த பெயர், க்ராப்ஸி. ஊரில் மதிப்போடு வாழ்ந்தவர். முகாமுக்கு வந்த பசங்களின் அஜாக்கிரதையால் தன் பிள்ளையைப் பறிகொடுத்து, புத்தி பேதலித்து, கோடாலியோடு காட்டுக்குள் போய்விடுகிறார். முகாமுக்கு முகாம் கதை மாறும். பெரும்பாலான வடிவங்களில் அந்தப் புத்திரசோகம் மட்டும் நிற்கும்.

1981-இல் வந்த ‘தி பர்னிங்’ இந்தப் பெயரை வைத்துக்கொண்டு சோகத்தை எடுத்துவிட்டது. படத்தில் க்ராப்ஸி பசங்கள் வெறுக்கும் முகாம் பராமரிப்பாளர். புழு நெளியும் மண்டையோட்டில் மெழுகுவத்தி ஏற்றிப் படுக்கையருகே வைக்கிறார்கள். அவர் பதறியடித்து அதைத் தட்டிவிட, தீ. ஐந்து வருஷம் கழித்துத் தோட்டக் கத்தரியோடு வருகிறார். பழிவாங்கக் காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் அவருக்காக நமக்கு வலிக்கவில்லை. பைசா செலவில்லாமல் கதையிலேயே இருந்த பலம் அந்தப் புத்திரசோகம். அதை விட்டதுதான் படத்தின் பெரிய இழப்பு என்பேன்.

ஆனாலும் அந்தத் தெப்பக் காட்சி! பட்டப்பகல், அசையாத தண்ணீர், ஆளில்லாமல் மிதக்கும் படகு. பசங்கள் தெப்பத்தில் துடுப்புப் போட்டு நெருங்க நெருங்க நேரம் நீள்கிறது. திடீரென்று படகிலிருந்து க்ராப்ஸி எழுந்து நிற்கிறார், கத்தரி வானத்தில் விரிகிறது. மிச்சமெல்லாம் துண்டு துண்டான ஷாட்கள். மேக்கப் கலைஞர் டாம் சவினி இந்தப் படத்துக்காக ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ இரண்டாம் பாகத்தையே வேண்டாம் என்றவர்.

இப்படி ஒரு விரல் வெட்டும் ஷாட் எடுப்பவர்களுக்கு: நிஜ விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, லேடெக்ஸ் (ரப்பர்) விரலை மேலே ஒட்டி, ரத்தக் குழாயைக் கேமராவுக்குத் தெரியாத பக்கம் விடுவார்கள். குழாயில் காற்று புகுந்தால் ரத்தம் வழியாது, துப்பும். அதனால் டேக்குக்கு முன்னால் குழாய் முழுக்க நிரப்பிக்கொள்ள வேண்டும். ரத்தமில்லாத ஷாட்களை எல்லாம் முதலில் முடித்துவிடுங்கள். மாற்று உடை இரண்டே செட் என்றால் இரண்டே டேக்தான்.

ரத்தத்துக்கு மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித்தின் கலவையே இன்றும் அடிப்படை. ஒரு குவார்ட் (சுமார் 950 மி.லி.) கார்ன் சிரப்புக்கு 2 அவுன்ஸ் சிவப்பு ஃபுட் கலர், 5 டீஸ்பூன் மஞ்சள், கெடாமலிருக்க 1 டீஸ்பூன் மெத்தில் பாரபென், துணியில் ஊற 2 அவுன்ஸ் போட்டோ-ஃப்ளோ (ஃபிலிம் கழுவும்போது சேர்க்கும் திரவம்). மஞ்சள் குறைந்தால் திரையில் ரோஸாகத் தெரியும். போட்டோ-ஃப்ளோ விஷம். வாயருகே வரும் ரத்தத்தில் அதைச் சேர்க்கவே கூடாது. குளிரில் சிரப் கெட்டியாகிக் குழாயை அடைக்கும், வெதுவெதுப்பாக வைத்திருங்கள்.

க்ராப்ஸியின் எரிந்த முகத்துக்குச் சவினிக்குக் கிடைத்தது மூன்றே நாள். அவருக்கே அதில் திருப்தியில்லை. கடைசியில் அந்த முகம் வெளிச்சத்துக்கு வரும்போது அதுவரை சேர்த்த பயமும் கரைகிறது.

இதே க்ராப்ஸியை வைத்துத் தொடங்கி, இந்தப் படம் தயாராவது தெரிந்ததும் பெயரை மாற்றிக்கொண்டது 1982-இல் வெளியான ‘மேட்மேன்’. அதில் நெருப்பருகே ஒரு நிபந்தனை சொல்வார்கள்: கொலைகாரனின் பெயரைக் குசுகுசுப்புக்கு மேல் உரக்கச் சொன்னால் வந்துவிடுவான். ஒரு பையன் இருட்டைப் பார்த்துக் கத்துகிறான். மேக்கப் இல்லை, ரத்தம் இல்லை, ஒரு குரல்தான். அதற்குப் பிறகு மரங்களுக்கு நடுவே எது அசைந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.