நீங்கள் பேசப் பேச சாட்ஜிபிடி மாறிவிடுவதில்லை

"நான் தங்கிலீஷில் எழுதி எழுதியே சாட்ஜிபிடிக்குக் கற்றுக்கொடுத்தேன், இப்போது எல்லாருக்கும் அப்படித்தான் பதில் சொல்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அப்படிப் பதில் வந்திருக்கும், சரி. ஆனால் அதை எல்லாருக்கும் நீங்கள் கற்றுக்கொடுத்துவிடவில்லை.

சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருப்பது, ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பயிற்சி பெற்ற ஒரு மாடல். அது கற்றதெல்லாம் எண்களாக அதற்குள் இருக்கிறது. அரட்டை நடக்கும்போது அந்த எண்கள் எதுவும் மாறுவதில்லை. நீங்கள் ஒவ்வொரு வரி அனுப்பும்போதும் அதுவரை நடந்த பேச்சும் சேர்ந்தே அதன் முன் வைக்கப்படுகிறது. அதைப் பார்த்துத்தான் அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. 'மச்சி' என்று ஆரம்பித்தால் அந்த நடை, 'மதிப்பிற்குரிய ஐயா' என்றால் விண்ணப்ப நடை. கேள்வியோடு நாலு எடுத்துக்காட்டு வைத்தாலே, மறுபயிற்சி இல்லாமல் மாடல் பிடித்துக்கொள்கிறது என்று 2020-இல், சாட்ஜிபிடிக்கு முந்தைய மாடலான ஜிபிடி-3-இன் ஆய்வுக்கட்டுரையே காட்டியது. அந்த மாடலால் ஒரே நேரத்தில் 2048 டோக்கன்கள்தான் (சொல் துண்டுகள்) பார்க்க முடிந்தது. தமிழ் எழுத்துகள் டோக்கனை விழுங்கும் வேகத்துக்கு அது கொஞ்ச தூரம்தான்!

புது சாட்டிலும் உங்களை ஞாபகம் வைத்திருக்கிறதே என்பீர்கள். அது 2024-இல் வந்த மெமரி வசதி. உங்களைப் பற்றிய குறிப்புகளைச் சேமித்து உரையாடலோடு சேர்த்துக் கொடுக்கிறது. உங்கள் கணக்கோடு சரி, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகாது.

அமைப்புகளில் (செட்டிங்ஸ்) நீங்கள் தடுக்காமல் இருந்தால் உங்கள் அரட்டை பின்னாளில் வேறொரு மாடலின் பயிற்சிக்குப் போகலாம். அது தனி வேலை, பேசும்போதே நடப்பதில்லை. பேசப் பேசக் கற்கும்படி செய்து பார்த்ததும் உண்டு: மைக்ரோசாஃப்ட் 2016-இல் ட்விட்டரில் விட்ட 'டே' என்ற அரட்டை பாட், வம்பு பேசக் கற்று ஒரே நாளில் மூடப்பட்டது.