ஆமாம், எனக்குத்தான் வாங்குகிறேன்

தானமாக வந்த பழைய பொருள்களை விற்கிற சாரிட்டி கடையில் நான் பொம்மை பொறுக்குகிற அந்தப் படத்தை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். சனிக்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். "இது நீங்களா?" என்று கேட்டு அனுப்பியவர்கள், "இது நீங்க இல்லைதானே?" என்று பதறி அனுப்பியவர்கள், ஒன்றும் கேட்காமல் சிரிக்கிற முகத்தை மட்டும் போட்டு அனுப்பியவர்கள், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன், நான்தான். அந்த முதுகு என்னுடையது, பக்கத்தில் கிடக்கிற துணிப்பை என்னுடையது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொம்மைக் கூடையைக் கிளறுகிற கையும் என்னுடையதுதான். மேலே எழுதியிருக்கிற வாசகம் மட்டும் என்னுடையது இல்லை. குழந்தைகளுக்குப் போக வேண்டிய பொம்மைகளைப் பெரியவர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்களாம், கேட்பாரில்லையாம்.

கேட்டிருக்கலாமே? நாலடி தள்ளி நின்று படம் எடுக்க முடிந்தவருக்கு அந்த நாலடியை நடந்து வந்து "யாருக்குங்க வாங்குறீங்க" என்று கேட்க முடியவில்லையா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொம்மையின் காலடியைத் திருப்பிக் காட்டி இது எந்த ஊரில் செய்தது, இந்தப் புள்ளி எதற்கு வைத்தது என்று அரை மணி நேரம் பேசியிருப்பேன். அவர்தான் தப்பிக்க வழி தேடியிருப்பார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் இதையேதான் சொல்லப் போகிறேன், அலுப்பாக இருந்தால் இங்கேயே நகர்ந்துவிடலாம். சாரிட்டி கடையில் விற்பனைக்கு வைத்திருக்கிற ஒரு பொருளை, அதற்குப் போட்ட விலையைக் கொடுத்து, வயது வந்த ஒரு ஆள் தனக்காக வாங்கிக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை. அந்தக் கடையை நடத்துவதே நாலு பேர் வேண்டாம் என்று கொடுத்ததை விற்று, அந்தப் பணத்தை ஒரு நல்ல காரியத்துக்கு அனுப்பத்தான். நான் கொடுத்த காசும் அந்தக் கல்லாவுக்குத்தான் போயிற்று. பெரியவர்கள் காசுக்குத் தனிக் கல்லா கிடையாது.

அன்றைக்கு நான் அப்படி என்ன அள்ளினேன் என்று கேட்க மாட்டீர்களா? மூக்கில் பெயின்ட் போன ஒரு ஸ்மர்ஃப், அதாவது படக்கதையில் வருகிற குட்டி நீல மனிதர்களில் ஒருவன். காதை யாரோ கடித்துத் துப்பிய ஒரு பொம்மை மாடு. தலைக்கவசம் தொலைந்துபோன, பிளேமொபில் என்கிற ஜெர்மன் பொம்மை வகையைச் சேர்ந்த ஒரு கவச வீரன். அவ்வளவுதான். அந்தக் கூடையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, நான் போன பிறகும் இருந்திருக்கும். பெரிய பெரிய கார்கள், பேசுகிற கரடி, சத்தம் போடுகிற தொலைபேசி, அதையெல்லாம் நான் தொடக்கூட இல்லை. எந்தக் குழந்தையும் அம்மாவின் சேலையை இழுத்து அந்தக் காதில்லாத மாட்டைக் கேட்டு அழவில்லை. அழுதிருந்தால் கொடுத்திருப்பேன்.

கொடுத்தும் இருக்கிறேன். இதைச் சொல்லி நல்லவள் பட்டம் வாங்கப் பார்க்கிறாள் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் முன்னால் வேறொரு கடையில் ஒரு சின்னப் பெண் கால் விரிந்த ஒரு சவாரிக்காரனைக் கையில் வைத்துக்கொண்டு, அவனை நிற்க வைக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்தாள். அவன் நிற்க மாட்டான், குதிரை மேல் உட்காருவதற்கென்று செய்த உருவம் அது. அந்தக் குதிரை என் கையில் இருந்தது. ஆசைப்பட்டு எடுத்த குதிரை. கொடுத்துவிட்டேன். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ விஷத்தை நீட்டியது மாதிரி. அதையும் யாராவது படம் எடுத்திருக்கலாம்.

அப்புறம் அந்தப் பதிவின் கீழே ஒரு துப்பறியும் நிபுணர். "இந்த மாதிரி ஆட்கள் காலுக்கு அடியில் 1974 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுப்பார்கள், அது அபூர்வமான சரக்கு, ஆன்லைனில் பல மடங்குக்கு விற்பார்கள்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு இருநூறுக்கும் மேல் லைக். ஐயா, பிளேமொபிலில் 1974 என்பது அந்த உருவத்தை வெளியிட்ட வருடம். பல வருடம் கழித்து வார்த்த பொம்மையின் காலிலும் அதே 1974தான் இருக்கும். அதை வைத்துப் பழசு என்று முடிவு செய்கிறவர் ஒரு பொம்மையைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். வயது பார்க்க வேண்டுமென்றால் கையைப் பாருங்கள். மணிக்கட்டு திரும்பினால் அது 1982-க்கு அப்புறம் வந்த வகை. திரும்பாவிட்டால் அதற்கு முந்தைய அமைப்பு. பெண் உருவங்கள் 1976-ல்தான் வந்தன, குழந்தை உருவங்கள் 1981-ல். அந்தக் கவச வீரனின் மணிக்கட்டு திரும்பவில்லை. அதனால்தான் கடையில் எனக்குச் சிரிப்பு வந்தது, அதனால்தான் அந்தப் படத்தில் என் தோள் குலுங்கின மாதிரி இருக்கிறது. நான் ஏதோ பதுக்குகிறேன் என்று ஒருவர் அதற்கும் விளக்கம் எழுதியிருக்கிறார்.

இந்தப் பிளேமொபில் பொம்மை எப்படி வந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் மரியாதை வரும் என்று ஒரு நப்பாசையில் எழுதுகிறேன். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பிளாஸ்டிக் விலை ஏறிவிட்டது. ஜெர்மனியில் பெரிய பெரிய பிளாஸ்டிக் சாமான்கள் செய்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கே வேலை பார்த்த ஹான்ஸ் பெக் என்பவர் ஏற்கெனவே ஒரு குட்டி உருவத்தைச் செய்து வைத்திருந்தார். ஏழரை சென்டிமீட்டர் உயரம், குழந்தையின் உள்ளங்கைக்குள் அடங்கும், பிள்ளைகள் வரைகிற மாதிரி பெரிய தலை, புள்ளிக் கண், சிரிக்கிற வாய், மூக்கு கிடையாது. இதற்குப் பிளாஸ்டிக் கொஞ்சம்தான் செலவாகும். அடுத்த வருடமே கட்டட வேலைக்காரர், கவச வீரர், அமெரிக்கப் பழங்குடி என்று மூன்று வகையாகக் கடைக்கு வந்தது. நான் கையில் வைத்திருந்தது அந்தப் பரம்பரை. நீங்கள் அதைக் குப்பை என்கிறீர்கள், இல்லாவிட்டால் கொள்ளை என்கிறீர்கள். குப்பையை எப்படிக் கொள்ளை அடிப்பது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

விற்கிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். கடை திறக்கும்போதே வந்து நின்று, ஒரு கையில் போனை வைத்து விலை பார்த்துக்கொண்டே மறு கையால் வாருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கும் அவர்களைப் பிடிக்காது. என்னை இடித்துத் தள்ளியே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களைத் திட்ட வேண்டுமென்றால் அவர்களைத் திட்டுங்கள், தரையில் உட்கார்ந்து ஒரு மாட்டின் வயிற்றில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கிறவளை ஏன் திட்டுகிறீர்கள்? ஓடாததால் சுலபமாகப் படம் எடுக்க முடிகிறது, அதுதானே?

"என்ன இருந்தாலும் அது குழந்தைகள் பொருள்" என்பவர்களுக்கு. முதலில், செய்கிறவர்களே அப்படிச் சொல்வதில்லை. லெகோ பொம்மைக் கம்பெனி 2020-லிருந்து சில பெட்டிகளில் 18+ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்கிறது. 2010-லிருந்து பல வருடம் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பாக்கெட்டில் உருவங்களை வரிசை வரிசையாகப் போட்டது, அதைக் கடையில் நின்று தடவித் தடவிப் பார்த்து வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு மீசை இருந்தது. புதுக் கடையில் அதைச் செய்தால் ரசிகர், பழைய கடையில் செய்தால் திருடியா?

அடுத்தது, குழந்தை நலன் என்று இவ்வளவு உருகுகிறீர்களே, பழைய பொம்மைகளில் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்தீர்களா? பழைய சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக்கில் கேட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறமிகள் இருக்கலாம். பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் சுமார் 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், ஈயம், கேட்மியம் எல்லாம் கிடைத்திருக்கிறது. பிவிசி பிளாஸ்டிக் பொம்மைகள் மெத்தென்று இருப்பதற்காகக் கலக்கிற தாலேட்டு என்ற ரசாயனங்களை ஐரோப்பிய ஒன்றியம் நிரந்தரமாகக் கட்டுப்படுத்தியது 2005-ல்தான். அதற்கு முன்னால் செய்தவை இன்னும் கூடைகளில் கிடக்கின்றன, தொட்டால் பிசுபிசுக்கும், உள்ளே இருந்த எண்ணெய் மாதிரியான சமாச்சாரம் மேலே கசிந்து வருவதுதான் அது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆகுமா என்று பார்க்க 31.7 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுசாக அடங்கிவிடுகிற எதுவும் தொண்டையில் சிக்கலாம். என் கவச வீரனின் வாள் அடங்கும், கேடயம் அடங்கும், ஸ்மர்ஃபின் தனிச் சாமான்கள் எல்லாம் அடங்கும். இதை நான் எடுத்துப் போய் அலமாரியில் நிறுத்தி வைத்தால் ஒரு குழந்தையும் வாயில் போடாது. நன்றி சொல்ல வேண்டாம், படமாவது எடுக்காமல் இருங்கள்.

பிளாஸ்டிக் சேர்க்கிறாயே, பூமி என்ன ஆவது என்று ஒருவர். நான் வாங்குவது ஏற்கெனவே செய்த பிளாஸ்டிக். இவ்வளவு சின்னதாக, நாலு வகைப் பொருள் கலந்ததை மறுசுழற்சிக்கு எடுப்பதும் கஷ்டம். வேறு கேள்வி?

இருக்கிறது, அதுதான் உண்மையான கேள்வி, அதுதான் என்னை இதை எழுத வைத்தது. பதிவின் கீழே ஒருவர், என்னைத் தெரிந்தவர், பெயர் சொல்ல மாட்டேன், என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார், எழுதியிருக்கிறார்: "பாவம், விடுங்கள், அவர்களுக்குக் குழந்தை இல்லை."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறார்.

நான் பல வருடம் பொய்தான் சொல்லி வந்தேன். கல்லாவில் இருக்கிற அம்மா ஒவ்வொரு பொம்மையாக எடுத்துப் பார்த்துச் சிரித்தபடி "யாருக்கு?" என்பார். "அக்கா பையனுக்கு" என்பேன். அந்தப் பையனுக்கு மீசை முளைத்து, குரல் உடைந்து, என்னைவிட உயரமாக வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான், நான் இன்னும் அவன் பெயரைச் சொல்லித்தான் ஸ்மர்ஃப் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவனே கூட வந்து நின்றான். அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அன்றோடு விட்டேன். இப்போது "எனக்குத்தான்" என்று சொல்கிறேன். சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். கல்யாணம் ஆனதா, பிள்ளை உண்டா, இல்லை என்றால் அதனால்தான் இது.

என் பெரியப்பா தபால் தலை சேர்த்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஆல்பத்தைத் தூக்கி வந்து மடியில் வைத்துவிடுவார், ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. அவருக்குக் கடிதம் போட ஆளில்லாத ஏக்கம் என்று யாராவது சொன்னார்களா? அறிஞர் என்றார்கள். நாணயம் சேர்க்கிறவரைப் பணத்துக்கு ஏங்குகிறார் என்று சொல்வார்களா? வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிறவர் ரசனைக்காரர். ஒரு பெண் தன் காசில் ஏழு சென்டிமீட்டர் பொம்மை ஒன்றை வாங்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்பு போட்டுக் கழுவி, வெயில் படாத அலமாரியில் நிறுத்தி வைத்தால் மட்டும் உடனே அவள் வயிற்றைப் பார்க்கிறீர்கள்.

எனக்குப் பிள்ளை இருந்தாலும் இதை வாங்கியிருப்பேன். பிள்ளையைத் தொட விட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

எனக்கு இது ஏன் பிடிக்கும் என்று விளக்கும் கடமை எனக்கில்லை, ஆனாலும் சொல்கிறேன். இவ்வளவு சின்ன உருவத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து சட்டையின் மடிப்பைச் செதுக்கியிருக்கிறார். இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும், நல்ல வேலையில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1990-க்கு முன்னால் வெட்டிய அச்சு, அந்த நாடே இப்போது இல்லை. ஸ்மர்ஃப்களுக்குக் காலடியில் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும், எந்த இடத்தில் பெயின்ட் அடித்தது என்று தெரிவதற்காக வைத்தது. யாரோ ஒரு பெண்தான் வரிசையில் உட்கார்ந்து அந்தக் கண்ணை வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். சில ஸ்மர்ஃபுக்குக் கண் கொஞ்சம் கோணலாக இருக்கும். அதைத்தான் முதலில் எடுப்பேன். அந்த பச்சை நிறக் குட்டிச் சிப்பாய்கள் தெரியுமல்லவா, அமெரிக்காவில் 1938-லிருந்து வருகிறவை, அவற்றை 2014-ல் அங்கே தேசியப் பொம்மைப் புகழ் மன்றத்தில் சேர்த்துக் கௌரவித்தார்கள். அந்தக் காட்சிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவரிடம் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி. என்னைப் பாவம் என்று எழுதியவருக்கு நான் பதில் போடவில்லை, நட்பிலிருந்தும் நீக்கவில்லை. அவரே இதைப் படிக்கட்டும் என்றுதான் விட்டு வைத்திருக்கிறேன். கீழே வந்து "உங்களைச் சொல்லலைங்க, பொதுவாகச் சொன்னேன்" என்று எழுத வேண்டாம், என் பெயரைப் போட்டுத்தான் எழுதியிருந்தீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரு விஷயம். அந்தக் கவச வீரனுக்குத் தலைக்கவசம் வேண்டும். பழைய பிளேமொபில், முகமூடி ஏறி இறங்குகிற வகை, நிறம் எதுவானாலும் பரவாயில்லை, விரிசல் இருக்கக் கூடாது. பரணில் கிடந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது. உங்கள் வீட்டுக் குழந்தை அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தால் மட்டும் அனுப்ப வேண்டாம்.