ராணுவம் போதும் என்றது, நாடாளுமன்றம் விடவில்லை

2012-இல் அமெரிக்கத் தரைப்படை தன் நாடாளுமன்றத்திடம் ஒரு விசித்திரமான கோரிக்கை வைத்தது. ஆப்ராம்ஸ் டாங்கிகளைப் புதுப்பிக்கும் வேலையைச் சில வருடம் நிறுத்திவைக்கிறோம், அந்தப் பணம் வேறு வேலைக்கு வேண்டும். தளபதி ரே ஒடியர்னோவே நேரில் போய் இதைச் சொன்னார். கலிபோர்னியாவின் சியரா கிடங்கில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட டாங்கிகள் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

சரி என்று விட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இரு கட்சிகளையும் சேர்ந்த 173 பிரதிநிதிகள் நிறுத்தக் கூடாது என்று பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். 2013 நிதியாண்டுக்கு, ராணுவம் கேட்டதற்கு மேல் 18.1 கோடி டாலர் வந்து சேர்ந்தது.

காரணம் ஒஹையோ மாநிலத்தின் லைமா என்ற சின்ன ஊர். நாட்டின் ஒரே டாங்கித் தொழிற்சாலை அங்கேதான். இடம் அரசாங்கத்துடையது, நடத்துவது ஜெனரல் டைனமிக்ஸ். அந்த மாநிலத்தின் அப்போதைய இரண்டு செனட்டர்கள் போர்ட்மேனும் பிரவுனும் எதிரெதிர்க் கட்சி, இதில் மட்டும் ஒரே குரல். மூச்சுக்கு மூச்சு 'செலவைக் குறை' என்கிற, அந்தத் தொகுதியின் பிரதிநிதி ஜிம் ஜோர்டானும் சேர்ந்துகொண்டார். உதிரிபாகம் செய்பவர்கள் பல மாநிலங்களில் இருந்ததால் ஆதரவு திரட்டுவதும் கஷ்டமில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். ராணுவச் செலவை அலசும் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில், பின்பக்கத்தில் நீண்ட அட்டவணை இருக்கும். ராணுவம் கேட்ட தொகை ஒரு கட்டத்தில், குழு தரும் தொகை பக்கத்துக் கட்டத்தில். அந்த இரண்டாவது எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. இத்தனைக்கும் உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்கென்று பெயர் போட்டு நிதி வாங்கும் வழக்கத்தை அப்போதுதான், 2011-இல், நிறுத்தியிருந்தார்கள்!

லைமாவை மூடினால் கைதேர்ந்த வெல்டர்கள் கலைந்துபோவார்கள், திரும்பக் கூட்டுவது கடினம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. போலந்து 2022-இல் 250 ஆப்ராம்ஸ் வாங்க ஒப்பந்தம் போட்டது, பார்த்தீர்களா என்று இப்போது கேட்கிறார்கள். பத்து வருடம் கழித்து வந்த வாடிக்கையாளரை 2012-இல் யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை. ஊர்க்காரர்களின் பிழைப்புக்காகக் கேட்பது தவறே இல்லை. அதற்கு தேசப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. என்னைக் கேட்டால் அந்த அட்டவணையில் இன்னும் இரண்டு கட்டம் போடச் சொல்வேன்: தொகையைக் கூட்டச் சொன்னது யார், அதற்காக வேறு எந்தச் செலவில் கைவைத்தார்கள்.