முடித்துவைத்தது கூட்டத்தொடரை, சபையை அல்ல

2022 பிப்ரவரியில் மேற்கு வங்கச் சட்டமன்றத்தை ஆளுநர் தன்கர் 'ப்ரோரோக்' செய்ததால் மம்தா ஆட்சி கலைக்கப்பட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. ப்ரோரோக் என்பது கூட்டத்தொடரை முடித்துவைப்பது மட்டுமே. உறுப்பினர் பதவி போகாது, தேர்தல் வராது.

அரசியலமைப்பின் 174ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். சபையை ப்ரோரோக் செய்வது ஓர் உட்பிரிவு, கலைப்பது அடுத்த உட்பிரிவு. இரண்டும் ஒன்றென்றால் தனித்தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். நிலுவையில் உள்ள மசோதாக்கள்கூட இதனால் காலாவதியாகாது என்கிறது 196(3). அன்றாடம் சபையை ஒத்திவைப்பது வேறு. அது சபாநாயகர் வேலை.

வங்கத்திலும் மாநில அரசே கேட்டுத்தான் ஆளுநர் ஆணையிட்டார். ஆணை வெளியானதும் அப்போது தமிழக முதல்வராக இருந்த ஸ்டாலின் கண்டித்தார்; அரசின் பரிந்துரைப்படி நடந்தது என்று தன்கர் பதிலளித்தார். கலைந்ததாகச் சொல்லப்படும் அதே சபை மார்ச் 7ஆம் தேதி மீண்டும் கூடியது.

இந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தவே முடியாது என்று சொல்ல வரவில்லை. 2019இல் அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஆலோசனைப்படி நடந்த ப்ரோரோக் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அங்கேயும் நாடாளுமன்றம் கலையவில்லை, மறுநாளே கூடியது.