எதிர்த்துப் பேசாத பிள்ளை

எங்கள் பையனைப் பற்றி நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னது ஒன்றுதான்: எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் முதல் குரூப் எடு என்றேன், எடுத்தான். கைப்பேசியைக் கொடு என்றால் மறுபேச்சில்லாமல் நீட்டுவான். நீடாமங்கலம் பக்கத்து உறவினர்கள், ‘பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்’ என்பார்கள்.

போன ஜனவரி. சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம். மேட்டூர் அணையை 28-ஆம் தேதி மூடுவது வழக்கம். அதற்கு முந்தைய வாரம் எங்கள் வயலுக்கு முறை இரவில் வந்தது. துணைக்கு அவனை அழைத்துப்போனேன். மடையைத் திறந்துவிட்டு, டார்ச்சை அணைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத பனி இருட்டு.

‘அப்பா, எனக்கு இயற்பியல் ஒன்றுமே புரியவில்லை’ என்றான்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஜூனிலிருந்து என்றான். மேட்டூர் திறந்தபோது தொடங்கிய துன்பத்தை, மூடப்போகும்போது சொல்கிறான். இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை?

‘நீங்கள் மார்க் மட்டும்தானே கேட்டீர்கள்.’

அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். பிள்ளை வளர்க்கும் முறைகளை 1960-களில் வகைப்படுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட். 1983-இல் எலினார் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் அதை விரித்து நான்காக்கினார்கள். கண்டிப்பும் பரிவும் சேர்ந்தது, கண்டிப்பு மட்டும், செல்லம் மட்டும், இரண்டுமே இல்லாதது.

என்னை உலுக்கியது லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு. 14 முதல் 18 வயது வரையிலான சுமார் 2,300 அமெரிக்க மாணவர்களை ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை பார்த்திருக்கிறார்கள். கண்டிப்பும் பரிவும் கிடைத்தவர்கள் நல்ல நிலையிலேயே நின்றார்கள். கவனிப்பாரில்லாதவர்களின் கேடு அந்த ஓராண்டில் இன்னும் கூடியிருந்தது. அடக்கி வளர்க்கப்பட்டவர்கள் ஒழுங்கில் குறைவைக்கவில்லை, ஆனால் தன்னம்பிக்கையில் பின்தங்கியிருந்தார்கள். அந்த வரியில் என் மகனைப் பார்த்தேன்.

அமெரிக்கக் கணக்கு நமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே 1994-இல் ரூத் சாவ் என்ற ஆய்வாளர், சீனக் குடும்பங்களின் கண்டிப்பை அன்பில்லாத அதிகாரம் என்று எண்ணிவிடக்கூடாது, அதற்குள் அக்கறையும் பயிற்சியும் இருக்கின்றன என்று எழுதினார். நம் வீடுகளும் அப்படித்தான். என் அப்பா கண்டிப்பானவர். ஆனால் நாற்றங்காலில் நின்றபடி என்னோடு ஒரு மணி நேரம் பேசுவார். நான் அவருடைய குரலை மட்டும் எடுத்துக்கொண்டேன், பேச்சை விட்டுவிட்டேன்.

டீக்கடையில் இதைச் சொன்னால், ‘அடியாத மாடு படியாது’ என்கிறார்கள். மாடு ஏரில் படிந்தால் போதும். பிள்ளை நாளைக்குச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ, நாம் இல்லாத இடத்தில், தானே முடிவெடுக்க வேண்டுமே! தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று சொன்னதும் இதே ஊர்தான். அதை மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

நம் பகுதியில் எத்தனையோ தகப்பன்கள் வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். இரவு வீடியோ அழைப்பில் பத்து நிமிடம் கிடைக்கிறது. அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பத்து நிமிடத்தில் மார்க்கைக் கடைசியில் கேளுங்கள். முதலில், இன்றைக்கு யாரோடு பேசினாய், எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் குரூப்பை மாற்ற நேரம் கடந்துவிட்டது. இயற்பியலுக்குப் பக்கத்து ஊர் ஆசிரியரிடம் போகிறான். கைப்பேசிக்கு இரவு ஒன்பதரை மணி என்ற கட்டுப்பாடு இருக்கிறது, காரணத்தோடு. நேற்று, பத்து மணி வேண்டும் என்று என்னோடு அரை மணி நேரம் வாதாடினான். சனிக்கிழமைக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன்.