சைட்கார் மோட்டாரை விற்றேன், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சந்தைப் பக்கம் காலையில் வருகிறவர்களுக்கு என் மோட்டாரைத் தெரிந்திருக்கும். 100 சிசி ஹோண்டா. இடது பக்கம் இரும்புச் சட்டத்தில் சைட்கார், அதாவது தனிச் சக்கரம் வைத்த பக்கப் பெட்டி. அதில் எண்ணெய்ச் சட்டி, கேஸ் சிலிண்டர், மசால்வடைத் தட்டு. 11 வருடம் அதில்தான் பிழைத்தேன். முழங்கால் வலி தாங்காமல் போன வருடம் விற்றுவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் வாங்கினார். புதிதாகக் கல்யாணமானவர், மனைவியோடு சேர்ந்து நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு விற்க ஆசை. விலை 2,600 வெள்ளி (ரிங்கிட்). அந்தப் பெண்ணின் வளையல் அடகுக்கடைக்குப் போய்த்தான் அந்தப் பணம் வந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மூன்றாவது வாரம் தம்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபமாக இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கிளட்ச் வழுக்குகிறது, மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது. அதோடு, சந்தைக்குத் திரும்பும் இடத்தில் சைட்காரைத் தாங்கும் பின்கை உடைந்து பெட்டி தரையில் உரசிவிட்டது. மெதுவாகப் போனதால் யாருக்கும் அடி இல்லை. 40 பொட்டலம் நாசி லெமாக்கும் சம்பலும் ரோட்டில்.

என் அண்ணன் உள்ளே இருந்தே சத்தம் போட்டார். "பேர் மாத்தியாச்சு, கைரேகை வெச்சாச்சு. பழைய வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்கினான்? வித்த பிறகு நமக்கு என்ன?" நம் ஆட்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். நானும் முன்பு சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன்.

ஜேபிஜேயில், அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவில், மாறுவது வண்டியின் உரிமை. வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயம் என் தலைக்குள்ளேயேதான் இருக்கிறது, அது கைரேகையோடு கைமாறுவதில்லை.

கிளட்ச் விஷயத்தில் என் மனம் சுத்தம். பிளேட் பழசு, மாற்றும் காலம் வந்துவிட்டது என்று சொல்லித்தான் விலையில் 100 வெள்ளி குறைத்தேன். அதன் பிறகு முழுப் பாரத்தோடு மூன்றாவது கியரிலேயே மேடு ஏறினால் எந்தப் பிளேட்டும் தேயும். அதற்கு நான் காசு கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. விற்றவர் வாழ்நாள் முழுக்க வாங்கியவரின் வண்டிக்குச் செலவு செய்ய முடியாது. செயின் அறுந்தாலும் டயர் தேய்ந்தாலும் பழைய முதலாளியைத் தேடி வருவது நியாயம் இல்லை.

ஆனால் அந்தப் பின்கை வேறு கதை. இரண்டு வருடத்துக்கு முன் செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது அதே இடத்தில் கீறல் விட்டது. பட்டறையில் வெல்டிங் வைத்து, மேலே கறுப்புச் சாயம் அடித்துக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. விற்கும் நாளில் தம்பி கேட்டார், "வேற ஏதும் பிரச்சினை இருக்கா அக்கா?" நான் சொன்னது, "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு." பொய் இல்லை. ஆனால் அந்த நேரம் வெல்டிங் என் ஞாபகத்துக்கு வந்தது. சொன்னால் இன்னும் 200 வெள்ளி குறைக்கச் சொல்வாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

சைட்காரில் இது சின்ன விஷயம் இல்லை. தனி மோட்டார் வளைவில் சாய்ந்து திரும்பும். சைட்கார் கட்டிவிட்டால் சாயாது. அதனால் வளைவில் வரும் பாரம் முழுவதும் பக்கவாட்டில் ஸ்போக்கிலும் பேரிங்கிலும் இணைப்புக் கைகளிலும் போய் விழுகிறது. ஒரு கை போனால் மற்றக் கைகளும் சேர்ந்து வளையும். வேகமாகப் போயிருந்தால், அந்தப் பெண் பெட்டியில் உட்கார்ந்திருந்தால்... அதை நினைத்து எத்தனையோ இரவு தூங்கவில்லை.

இன்னொன்றும் என் மேல் தப்பு. ஓட்டச் சொல்லிக் கொடுக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டேன். நம் நாட்டில் சைட்கார் இடது பக்கம். வேகம் கூட்ட முறுக்கினால் வண்டி இடது பக்கம் இழுக்கும். சைட்கார் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை, அதனால் பிரேக் பிடித்தால் அது முன்னே தள்ளி வண்டியை வலது பக்கம் திருப்பும், அதாவது எதிரே லோரி வரும் பக்கம். காலிப் பெட்டியோடு இடது வளைவில் வேகமாகத் திரும்பினால் அந்தச் சக்கரம் தரையை விட்டு எழும். 11 வருடத்தில் என் கை பழகிய விஷயம் இது. ஒரு காலை அவரோடு கூடப் போயிருந்தால் போதும்.

சட்டம் படிக்கும் என் மகள் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவைக் காட்டினாள். அதில் ஒரு குதிரைக் கதை இருக்கிறது. குறையுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாயைத் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குவது அப்போதுதான் சட்டப்படி பெரியவளான அவருடைய சொந்த மகள் என்றால், சொல்லும் கடமை உண்டு. "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லியும் விற்பவர் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேசியதற்குச் சமம். படித்ததும் எனக்கு முகம் சுட்டது. தம்பி என்னிடம் கேட்டார். அதுவும் அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

கடையில் வாங்கியிருந்தால் அவருக்கு வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம். தொழிலாக வண்டி விற்காத என்னைப் போன்றவர்கள் மேல் அந்தச் சட்டம் வராது. அண்ணன் இதைக் கேட்டு, "பார்த்தியா, நீ தப்பிச்சே" என்றார். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. அவருக்குப் போக இடம் இல்லை என்பதால்தான் என் வாசலுக்கு வந்தார். அங்கேயும் கதவு அடைத்திருந்தால் அவர் எங்கே போவார்?

"பார்த்துத்தானே வாங்கினான்" என்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். சாயத்துக்கு அடியில் இருக்கும் வெல்டிங்கை யாரால் பார்க்க முடியும்? தெரியாமல் மறைந்திருந்த குறை என்றால் அது வாங்கியவரின் துரதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். தெரிந்து மறைத்த குறை விற்றவருடையது. மூன்று வாரம் கழித்து உடைந்தாலும் சரி, மூன்று மாதம் கழித்து உடைந்தாலும் சரி.

பின்கையை முழுவதும் மாற்றிப் புதிதாகக் கட்ட 230 வெள்ளி ஆனது, அதை நான் கொடுத்தேன். கொட்டிப்போன 40 பொட்டலத்துக்கும் கொடுத்தேன், அந்தப் பெண் வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டாள். கிளட்ச் அவர்களே மாற்றினார்கள். அப்புறம் இரண்டு நாள் காலை ஐந்தரைக்கு நான் பின்னால் உட்கார்ந்து, காலிப் பெட்டியில் அரிசி மூட்டை வைத்து வளைவு வளைவாக ஓட்டச் சொல்லிக் கொடுத்தேன்.

அண்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, காசை வீணாக்கிவிட்டேன் என்று. நான் சனிக்கிழமைதோறும் அங்கேதான் நாசி லெமாக் வாங்குகிறேன். தம்பி பொட்டலம் கட்டும் நேரத்தில் குனிந்து அந்தப் பின்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். இப்போது அதன் மேல் சாயம் இல்லை. அடிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.